ரொட்டி வண்டிக்கு மூன்று கியர்பாக்ஸ்

எஞ்சின் என்னவோ ஒரே நாளில் முடிவாகிவிட்டது. கியர்பாக்ஸ்தான் இழுத்துக்கொண்டே கிடந்தது. வீடு கட்டுகிறவன்கூட வாசல் எந்தப் பக்கம் என்று இவ்வளவு யோசிக்க மாட்டான். வேன்காரர் காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு வந்து இன்னொன்று சொல்வார், சாயங்காலம் "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்று எழுந்து போய்விடுவார். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஸ்பேனரும் கையுமாக ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அக்காள் புருஷனை என்னவென்று சொல்வது?

வண்டி பழைய வேன். இவர் வாங்கும்போதே அது இன்னொருவரிடம் நன்றாக உழைத்து ஓய்ந்திருந்தது. உருண்டை முகம், முழித்த கண் மாதிரி இரண்டு விளக்கு, மேலே வெள்ளை, கீழே வெளுத்துப்போன நீலம். அதன் வடிவத்தைப் பார்த்துத் தெருவில் எல்லாரும் ரொட்டி என்றே கூப்பிட்டார்கள். அந்த ஜாதி வண்டி இப்போது ரோட்டில் அபூர்வம் என்பதால் சிக்னலில் நின்றால் யாராவது போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். படம் எடுத்தவர்களில் ஒருவராவது அதில் அழுக்குத்துணி மூட்டை ஏற்றிப் பார்த்திருந்தால் அதன் பாடு தெரிந்திருக்கும். வேன்காரரும் மனைவியும் ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறவர்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, மேஜைத்துணி, ஒரு முடிவே கிடையாது. துவைக்கிற மெஷினும் தேய்க்கிற மேஜையும் அவள் பாடு. அழுக்கை அள்ளிக்கொண்டு வருவதும் வெள்ளையைக் கொண்டுபோய் இறக்குவதும் இவர் பாடு. கல்யாணமானதிலிருந்து பங்கு இதுதான்.

அந்த ரொட்டி ஒருநாள் மேம்பாலத்து ஏற்றத்தில், முதுகு நிறைய மூட்டையோடு, கையை விரித்துவிட்டது. எஞ்சினுக்குள் இருந்த ராடு ஒன்று உடைந்து, இரும்பைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மச்சான் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல," என்றான். நல்ல பையன், அலையாமல் இருக்க மாட்டான். முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து எஞ்சின் ஒன்றைப் பிடித்து வந்துவிட்டான். பழையதைவிட இரண்டு மடங்கு பலம். ரொட்டிக்கு எஞ்சின் பின்பக்கம். அங்கே வைத்துப் பார்த்தான், பொருந்தியது. அதுவரை எல்லாம் சரி.

அந்தப் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கியர்பாக்ஸ். ஷெட்டின் மூலையில் ஒரு கித்தானை விரித்து மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தான் மச்சான். ஒவ்வொன்றையும் செருப்புக் காலால் தட்டித் தட்டிக் காட்டினான்.

"இது உங்க பழசு. நாலு கியர். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், அப்படியே உக்காந்துக்கும். ஆனா புது எஞ்சின் போடுற போடுல இதோட பல்லு எல்லாம் கொட்டிடும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க."

"ம்."

"இது அந்தக் காரோடது. அஞ்சு கியர். கல்லு மாதிரி இருக்கு. ஆனா காருல எஞ்சின் முன்னாடி, நமக்குப் பின்னாடி. பெட்டியைப் பிரிச்சு, உள்ள இருக்கிற பெரிய பல்சக்கரத்தை எடுத்து எதிர்ப்பக்கம் மாட்டணும். இல்லேன்னா சக்கரம் தலைகீழா சுத்தும். ஒருநாள் வேலை, செஞ்சுடலாம்."

"ம்."

மூன்றாவது பெட்டிக்கு வந்ததும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "இது இதே வேன்ல பின்னாடி வந்த மாடலோடது. ஆட்டோமேட்டிக். யோசிச்சு யோசிச்சுத்தான் மாறும், பெட்ரோல் கொஞ்சம் அதிகமா குடிக்கும். ஆனா கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்ல மாமா."

கடைசி வார்த்தையை அவன் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்துச் சொன்னான். வேன்காரருக்குச் சுருக்கென்றது. "இடது காலுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு," என்றார். இவரை யாராவது கேட்டார்களா?

நல்லாயில்லை. அதுதான் உண்மை. நாலு வருஷமாக அந்த முட்டி அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் படி ஏறும்போது வலித்தது. பிறகு கிளட்ச்சை மிதிக்கும்போது. பிறகு ஒருநாள், மிதிக்கலாம் என்று நினைத்தால் கால் எழும்பவே இல்லை. மனிதர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தொடைமேல் பேன்ட்டை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து, காலைத் தூக்கி, கிளட்ச் மேல் வைத்து, உடம்பையே சாய்த்து அழுத்துவார். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்து. அந்த நேரத்துக்கு ஸ்டீயரிங் ஒற்றைக் கையில் தொங்கும். சிக்னல் நிறைந்த ரோடுகளை விட்டுச் சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தார். ஏன் தாமதம் என்று ஓட்டலில் கேட்டால் பழியை நெரிசல் மேல் போட்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை.

சொல்வதற்கு என்ன கேடு என்று கேட்கலாம். சொன்னால் மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், டாக்டர் வண்டி ஓட்டாதே என்பார். அது ஒரு பயம். ஆட்டோமேட்டிக் போட்டால் ஓட்டலாமே என்றால், அதில்தான் பெரிய பயம் இருந்தது. ரொட்டியை ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டாவது கியர் எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். மச்சான் உட்கார்ந்தால்கூடக் கர்ரென்று அரைக்கும். கிளட்ச்சும் கியரும் போய்விட்டால் அந்த வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். மனைவி ஓட்டலாம், கூலிக்கு ஓர் ஆளைப் போடலாம். அதற்கப்புறம் முட்டி போன கிழட்டு மனுஷன் ஒருத்தன் அந்த வீட்டில் எதற்கு? வாய்விட்டு அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நினைப்பு அங்கேயேதான் சுற்றிச் சுற்றி வந்தது.

வண்டி ஷெட்டில் கிடந்த நாட்கள் அந்தப் பயத்துக்கு நன்றாகத் தீனி போட்டன. துணி கொண்டுபோக ஒரு வாடகை வண்டி பேசியிருந்தார்கள். இவருக்கு வேலை இல்லை. சும்மா உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு தலையணை உறைகளை மடிக்கப் போனார். ஓட்டலுக்கு மடிப்பது என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வாய் உள்ளே போக வேண்டும், தையல் வெளியே தெரியக் கூடாது, அடுக்கினால் சுவர் மாதிரி நிற்க வேண்டும். அவர் அடுக்கியது போதையில் இருப்பவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. மனைவி வந்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி மடித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் வேற ஏதாவது பார்க்கட்டுமா?" என்றார்.

"நீங்க உக்காருங்க. வழியில நிக்காம இருந்தா போதும்," என்றாள் அவள். ஆவி பறக்கிற மேஜைக்கு முன்னால் நின்றபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கோபத்தில் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னாள். அவருக்கு அது புரியவில்லை. வழியில் நிற்கிறவன் என்ற வார்த்தையை மட்டும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் அவள் அவருடைய பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தொடைப்பக்கம் இற்றுப்போன இடத்தில் உள்ளே துணி வைத்துத் தைத்திருந்தாள்.

"பழைய துணி, இத்துப் போகுது," என்றார் அவர்.

"ஆமா," என்றாள்.

ஊர் சும்மா இருக்குமா? கியர்பாக்ஸ் விஷயத்தில் மூக்கை நுழைக்காத ஆள் தெருவில் இல்லை. சலூன்காரர் அஞ்சு கியர் என்றார், அவருக்கு ஓட்டத் தெரிந்தது சைக்கிள் ஒன்றுதான். ரொட்டியைப் படம் எடுக்க வந்த ஓர் ஆள், பழைய பெட்டியைத்தான் போட வேண்டும், மாற்றினால் வண்டியின் மதிப்பே போய்விடும் என்று ஷெட் வாசலில் நின்றுகொண்டு அரைமணி நேரம் உயிரை எடுத்தான். "மதிப்பை நீங்க எடுத்துக்குங்க, மூட்டையை யாரு தூக்குறது?" என்று மச்சான் கேட்டதும் போய்விட்டான். நடுவில் ஓட்டலில் துணிக் கணக்குப் பார்க்கிற ஸ்டோர் அம்மா போன் செய்தாள். வாடகை வண்டிக்காரர் வெள்ளைத் துணி மூட்டையைத் தரையில் தரதரவென்று இழுத்து வந்தாராம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று வேன்காரருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போய், "அஞ்சு கியர் போடு," என்றார்.

அவர் வீம்பு மச்சானுக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்துப் பிரித்தான். பெரிய பல்சக்கரத்தை வெளியே எடுத்துத் துடைத்து ஒரு துணிமேல் வைத்தான். அதை எதிர்ப்பக்கம் மாட்ட வேண்டிய நேரம். அப்போதுதான் அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, ஒரு வார்த்தை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆட்டோமேட்டிக் போடலாம். அக்காவும் அதைத்தான் சொல்லுது."

"ஓகோ. அக்காவும் தம்பியும் பேசி முடிச்சாச்சா?"

"பேசி முடிக்க என்ன இருக்கு? உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது எனக்குத் தெரியும். வண்டி என்னுது, ஓட்டுறது நான். உனக்கு மாட்டத் தெரிஞ்சா மாட்டு. இல்லேன்னா சொல்லு, வேற ஆளைப் பார்க்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அவனிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. மச்சானுக்கு முகம் செத்துப்போய்விட்டது. எடுத்த பல்சக்கரத்தை எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டினான், மூடினான், போல்ட்டுகளை இறுக்கினான். கை பாட்டுக்கு வேலை செய்தது, மனசு இன்னும் சண்டையிலேயே நின்றது. இரண்டு பேருமே அந்த மேஜைக்கு முன்னால்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வழக்கமாக அவன் வேலை முடிந்ததும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பான். வண்டியில் எல்லாம் பூட்டி முடித்த அன்று அதையும் செய்யவில்லை. "எடுத்துப் பாருங்க," என்று சாவியை நீட்டிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். பின்பக்கக் கதவு திறந்திருந்தது, எஞ்சினின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று.

ரொட்டியின் முகம் ரோட்டைப் பார்த்து நின்றது. பின்னால் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன, அதற்குப் பின்னால் சுவர். வேன்காரர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் முனகாமல் பிடித்தது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. பேன்ட்டைப் பிடித்துக் காலைத் தூக்கிக் கிளட்ச்சில் வைத்து, முதல் கியரைப் போட்டு, மெல்ல விட்டார்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. போட்டது முதல் கியர், ரோடு முன்னால் இருக்கிறது, வண்டி பின்னால் போகிறது. கிளட்ச்சை மிதி என்றது மூளை. கால் எழும்பவில்லை. அந்த நேரத்தில் வலது கால் பிரேக்குக்காவது, கை ஹேண்ட்பிரேக்குக்காவது போயிருக்க வேண்டும். போகவில்லை. பழகிய பழக்கத்தில் கை தொடையைப் பிடித்தது. பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு காலோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே வண்டி டயர் அடுக்கில் போய் மோதி, அதைச் சுவரோடு சேர்த்து நசுக்கி, திணறி, தானாக நின்றது.

"டேய்," என்று கத்தினார். பதில் இல்லை. இறங்கக்கூட முடியவில்லை.

மச்சான் ஷெட்டின் உள்ளறையிலிருந்து வந்தான். கையில் டார்ச் லைட். எஞ்சினின் அடியில் இருட்டாக இருந்ததால் அதை எடுக்கத்தான் ஒரு நிமிஷம் உள்ளே போயிருக்கிறான். வண்டியைப் பார்த்தான், டயர்களைப் பார்த்தான், தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே இப்போது இடமே இல்லை. டார்ச் லைட்டைக் கீழே வைத்துவிட்டு அவனும் உட்கார்ந்துவிட்டான்.

நசுங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டே, "பல்சக்கரத்தை மாத்தாமலே மாட்டிட்டேன் மாமா," என்றான். "அஞ்சும் ரிவர்ஸ் ஆயிடுச்சு. முன்னால போறதுக்கு ஒண்ணே ஒண்ணு. என் தப்பு."

"ஜாக்கியில போட்டுப் பார்த்திருக்கலாம்," என்றார் அவர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பார்த்திருக்கணும். என் தப்புதான்."

மொத்தப் பழியையும் அவனே தன் தலையில் போட்டுக்கொண்டான். கிளட்ச்சை ஏன் மிதிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது அவரை இன்னும் வாட்டியது. "கால் எழும்பலடா" என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். வெட்கமாக இருந்தது. பயமும் அலுப்பும் அதைவிட அதிகமாக இருந்தன. கடைசியில் எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அதைக் கழட்டிடு. ஆட்டோமேட்டிக் போடு," என்று மட்டும் சொன்னார்.

"சரி மாமா," என்றான் அவன்.

கதை தெருவெல்லாம் பரவிவிட்டது. அஞ்சு ரிவர்ஸ் கியர் வைத்த மெக்கானிக் என்று மச்சானை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். என் கடை நாற்காலிக்கும் அப்படி ஒன்று செய்து கொடு, வந்த ஆள் அப்படியே பின்னால் போகட்டும் என்றார் சலூன்காரர். மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்தான். வேன்காரர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

ஆட்டோமேட்டிக் ஏறியது. கிளட்ச் மிதி இருந்த இடத்தில் மச்சான் ஒரு தகடு வைத்து அடைத்து, மேலே ரப்பர் ஒட்டியிருந்தான். முதல் நாள் மூட்டைகளை ஏற்றி முடித்ததும் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நானும் வர்றேன்," என்று ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் டெலிவரிக்கு வந்ததில்லை. எப்படி ஓட்டுவது என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான் வருகிறாள் என்று அவர் முடிவு கட்டினார். பார்க்கட்டும், என்றைக்காவது வரவேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டே சாவியைத் திருகினார்.

சிக்னலில் வண்டி நின்றது. அவர் கை தன் பாட்டுக்குத் தொடையைப் பிடித்துக் காலைத் தூக்கி, வெறும் ரப்பர்மேல் வைத்து அழுத்தியது.

"அங்க ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அவள்.

"தெரியும்."

"வலிக்குதா?"

பச்சை விழுந்தது. ரொட்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வலிக்குது. நாலு வருஷமா வலிக்குது."

"அதுக்கு மேலயே இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பேன்ட்டை யாரு துவைக்கிறா? எல்லாருக்கும் முட்டியில தேயும், பின்னாடி தேயும். உங்களுக்கு மட்டும் இடது தொடையில கொத்தா தேயுது. எத்தனை ஒட்டுப் போட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் அலுத்துப்போச்சு."

"அன்னைக்கு ஷெட்ல," என்று ஆரம்பித்தார். "பல்சக்கரம் அவன் தப்பு. வண்டி நிக்காதது என் தப்பு. அவன் பின்னால நின்னிருந்தா..."

"அவன் சொன்னான். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், மாமாகிட்ட எதையும் கேக்காதேன்னான்."

அவருக்குக் கண் கலங்கியது. இனி மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை. பாக்கி இருந்தது அந்தப் பெரிய பயம் மட்டும்தான். அதையும் இன்றைக்கே இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. "இனிமே இதை யாரு வேணும்னாலும் ஓட்டலாம்," என்றார். "நீயே ஓட்டலாம். ரெண்டு நாள்ல பழகிடும். நான் சொல்லித் தர்றேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். நிஜமாகவே ஒன்றும் புரியாத பார்வை.

"நானா? ஏன், எனக்கு வேற வேலை இல்லையா? துவைக்கிறேன், தேய்க்கிறேன், விடிஞ்சா அடைஞ்சா நின்னுக்கிட்டே இருக்கேன். இதுல வண்டி வேற ஓட்டணுமா? நல்லா இருக்கே கதை. நீங்களே ஓட்டுங்க. நான் உக்காரத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த மேடைமேல் வைத்து, சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வேன்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாமல் வீங்கியிருந்தன. செருப்பு வார் அழுந்திய இடம் பள்ளமாக இருந்தது, நரம்பெல்லாம் சுருண்டு நீலமாக நின்றது. தினமும் பார்க்கிற கால்தான், அதைப் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"இது எப்போலேருந்து?" என்றார்.

"எது?"

"காலு."

"நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள் கண்ணைத் திறக்காமல். அதில் கோபம் இல்லை.

அவருக்கு ஒரு கால்தான் வலித்தது. ஓட்டலுக்குத் திரும்புகிற முனை வந்தபோது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது, தூங்கிவிட்டாள். தாமதமானால் ஸ்டோர் அம்மா கத்துவாள். கத்தட்டும் என்று நேராக விட்டார். முட்டியை மறைக்க இத்தனை நாள் சுற்றிய அதே சுற்றுவழியில், குழி பார்த்து மெதுவாக, இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று போனார். கியர் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.